தாவர ஸ்டீராய்டு மாத்திரைகள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் சேர்ந்து சில மாதம் ஆனால் போதும். யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். எக்டிஸ்டெரோன், டர்கெஸ்டெரோன், டிரிபுலஸ், லாக்சோஜெனின் என்று ஏதாவது ஒன்று. "ஊசி கிடையாது, ஹார்மோன் கிடையாது, செடியிலிருந்து எடுத்தது, பக்கவிளைவே இல்லை" என்பார். செடியிலிருந்து எடுத்தது என்பது பெரும்பாலும் உண்மை. மற்றவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தாவர ஸ்டீராய்டு" என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டுப் பொருள்கள் விற்பனையாகின்றன. அவற்றில் தசையின் பொருட்டு நான் கொஞ்சமாவது பொருட்படுத்துவது எக்டிஸ்டெரோன் ஒன்றைத்தான்; அதற்கும் சான்று அரைகுறை. மனிதர்களிடம் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதியான பலன் கண்ட இன்னொன்றும் இந்தக் குடும்பத்தில் உண்டு. ஆனால் அது தசைக்கு ஒன்றும் செய்வதில்லை, ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் குறைக்கிறது. ஆகவே ஜிம் செல்பவருக்கு இந்த டப்பாக்களில் பெரும்பாலானவை தேவையில்லை. அப்படியும் முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஏமாறாமலும் உடலைக் கெடுத்துக்கொள்ளாமலும் முயல ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: டப்பாவில் இருப்பது எது என்று பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள்

ஸ்டீராய்டு என்பது ஒரு வடிவத்தின் பெயர். ஒன்றோடொன்று குறிப்பிட்ட விதத்தில் ஒட்டிய நான்கு கார்பன் வளையங்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலும் டெஸ்டோஸ்டிரோனும் அந்த வகைதான்; நல்லெண்ணெயில் இருக்கும் சிட்டோஸ்டிராலும் அந்த வகைதான். ஒரே சூளைச் செங்கல்லில் கோபுரமும் கட்டலாம், கோழிக்கூடும் கட்டலாம். எனவே "இது இயற்கை ஸ்டீராய்டு" என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். எந்த மூலக்கூறு, எந்தச் செடி, எந்தப் பாகம் என்று கேளுங்கள்.

எக்டிஸ்டெரோனிலிருந்து தொடங்குவோம். கதை பட்டுப்புழுவில் ஆரம்பிக்கிறது. 1935-இல் ஆய்வுக்கூடத்தில் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் புட்டெனாண்ட், 1954-இல் பீட்டர் கார்ல்சனுடன் சேர்ந்து 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களைச் சாறு பிழிந்து 25 மி.கி. எக்டைசோனைப் பிரித்தெடுத்தார். பூச்சிகள் தோலுரிப்பதற்கான ஹார்மோன் அது. 1960-களின் நடுவில் அதே வகைப் பொருள்கள் செடிகளிலும் இருப்பது தெரியவந்தது. கூட்டுப்புழுவில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு அதிகமாக. தன்னைத் தின்னவரும் பூச்சியின் வளர்ச்சியைக் குழப்புவதற்காகச் செடிகள் இதைத் தயாரிக்கின்றன என்பது பொதுவான விளக்கம். எக்டிஸ்டெரோன் அவற்றில் ஒன்று. பாலக் கீரையிலும் கீன்வாவிலும் இது உண்டு. நம் வேலியோரத்து நாயுருவியிலும் உண்டு. அதற்காக நாயுருவியைப் பறித்து அரைத்துக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். அளவு தெரியாத மூலிகைச் சாறு எதற்கும் தீர்வல்ல.

பட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பொருள் ஜிம்காரர்களுக்கு முன்பே பழக்கம். முதிரும் பருவத்தில் எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் கூடு கட்டத் தொடங்காது. சில புழுக்கள் உடல் கண்ணாடிபோல் மின்னத் தலையைத் தூக்கி நிற்கும்போது மற்றவை இன்னும் இலை தின்றுகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் தாவர எக்டிஸ்டீராய்டு (எக்டிஸ்டெரோன் வகைப் பொருள்) கரைசலை மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால் பின்தங்கிய புழுக்களும் சேர்ந்து முதிரும்; எல்லாவற்றையும் ஒருசேரச் சந்திரிகையில் (புழுக்கள் கூடு கட்டும் தட்டில்) விடலாம், ஆள் கூலி மிச்சம். இதற்கென்றே 'சம்பூர்ணா' என்ற பெயரில் ஒரு தயாரிப்பு உண்டு. புழுவிடம் இதன் வேலை அவ்வளவு துல்லியம். காரணம், இதை ஏற்கும் ஏற்பி, அதாவது ஹார்மோன் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும் புரதம், பூச்சியின் உடலில் இருக்கிறது. மனித உடலில் அந்த ஏற்பி கிடையாது.

அப்படியானால் மனிதனிடம் என்ன செய்யும்? சோவியத் காலத்தில் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டிலும் வேறு இடங்களிலும் எலிகள் மீது நடந்த ஆய்வுகள் புரத உற்பத்தி கூடுவதாகக் காட்டின. மரல் வேர் எனப்படும் சைபீரியச் செடியிலிருந்து எடுத்த எக்டிஸ்டெரோன் அங்கே மாத்திரையாகவே விற்கப்பட்டது. மேற்கில் நடந்த சோதனைகளில் இரண்டு முக்கியமானவை. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எடைப் பயிற்சி அனுபவமுள்ள 45 ஆண்கள் மூன்று துணையுணவுகளில் ஒன்றையோ போலி மாத்திரையையோ (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) 8 வாரம் உட்கொண்டார்கள். தினம் 200 மி.கி. எக்டிஸ்டெரோன் எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் வேறுபாடே இல்லை. 2019-இல் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வில் 46 ஆண்கள், 10 வாரம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் நிதியில் நடந்தது அது. அதிக அளவு எடுத்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ தசை கூடியது, பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி எடையை மேலே தள்ளும் பயிற்சி) தூக்கிய எடையும் ஏறியது.

உலகம் முழுக்க விற்பனையைத் தூக்கிவிட்டது இந்த இரண்டாவது ஆய்வுதான். அதில் விற்பனையாளர்கள் சொல்லாத ஒரு பகுதி உண்டு. பயன்படுத்திய மாத்திரையின் லேபிளில் 100 மி.கி. எக்டிஸ்டெரோன் என்று அச்சிட்டிருந்தது. ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது உள்ளே இருந்தது 6 மி.கி. அதிக அளவுக் குழு தினம் எட்டு மாத்திரை விழுங்கியும் அவர்களுக்குக் கிடைத்தது 48 மி.கி. மட்டுமே. இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஓர் ஆய்வில் 200 மி.கி.க்குப் பலனில்லை, இன்னொன்றில் 48 மி.கி.க்கு 2 கிலோ தசை. இரண்டும் முழு உண்மையாக இருப்பது கடினம். முதலாவதில் மருந்து லேபிளில் சொன்ன அளவு இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாவதில் வேறு ஏதோ காரணம் கலந்திருக்கலாம். மூன்றாவது, நான்காவது ஆய்வு வேறு ஆட்களால் நடந்து அதே விடை வந்தால்தான் நம்பலாம். எனக்கு இதில் ஆர்வம் உண்டு, நம்பிக்கை இன்னும் வரவில்லை.

செயல்படும் விதத்தைப் பற்றியும் ஒரு வரி. எக்டிஸ்டெரோன் ஆண் ஹார்மோன் ஏற்பியில் ஒட்டுவதில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனை ஏற்கும் ஏற்பியின் பீட்டா வகை வழியாக வேலை செய்யலாம் என்று பெர்லின் குழுவினர் கருதுகிறார்கள். முடி கொட்டுதல், குரல் மாற்றம், விந்தகம் சுருங்குதல் போன்ற விளைவுகள் ஆய்வுகளில் தென்படாததற்கு அது காரணமாக இருக்கலாம். 65 வயதைக் கடந்த தசை மெலிவு நோயாளிகளுக்கும் இதைத் தூய மருந்தாகத் தயாரித்து, ஒரு வேளைக்கு 350 மி.கி. வரை தினம் இரு வேளை கொடுத்து ஆறு மாதத்துக்கு மேல் சோதித்திருக்கிறார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை. நடை வேகம் சற்றுக் கூடும் போக்குத் தெரிந்தது. முடிந்த முடிவாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பாதுகாப்பு பற்றி நமக்குக் கிடைக்கும் சிறந்த தகவல் இதுதான். ஆனால் அது மருந்துத் தரத்தில் தயாரித்த பொருளுக்குப் பொருந்தும். இணையத்தில் வாங்கிய டப்பாவுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டர்கெஸ்டெரோன் இதன் ஒன்றுவிட்ட சகோதரன். மத்திய ஆசியாவின் அஜுகா துர்கெஸ்தானிக்கா என்ற செடியில் கிடைக்கிறது. விலை அதிகம், புகழ் இன்னும் அதிகம். 2021 வாக்கில் யூடியூப் உடற்பயிற்சியாளர்கள் பேசப் பேச ஏறிய புகழ் அது. மனிதர்களிடம் தினம் 500 மி.கி. வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு சோதனையில் உடல் அமைப்பில் மாற்றம் இல்லை. அதைத் தாண்டி இதன் பெருமைக்கு ஆதாரம் பழைய எலி ஆய்வுகள்தான்.

டிரிபுலஸ் என்று ஆங்கிலப் பெயரில் விற்பது நம் நெருஞ்சில். சித்த வைத்தியத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுக்கும் அதே முள். இதைத் தசை மருந்தாக்கிய பெருமை பல்கேரியாவுக்கு. 1980-களில் அங்கே வந்த 'டிரிபெஸ்டான்' மாத்திரையும் பல்கேரியப் பளுதூக்கும் வீரர்களின் வெற்றிகளும் சேர்ந்து கிளப்பிய புகழ் அது. அந்த வீரர்கள் வேறு என்னென்ன எடுத்தார்கள் என்பது 1988 சோல் ஒலிம்பிக்கில் பதக்கங்களைப் பறிகொடுத்தபோது ஓரளவு தெரிந்தது. சோதனைகள் ஏறக்குறைய ஒருமுகமாகவே கைவிரித்துவிட்டன. 2005-இல் பல்கேரியர்களே நடத்திய ஆய்வில் இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை. 2007-இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்குத் தினம் 450 மி.கி. ஐந்து வாரம் கொடுத்தும் பலமோ தசையோ கூடவில்லை. இதற்கு மேல் இதில் பணம் போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தச் செடியை மேய்ந்த ஆடுகளுக்குத் தலை வீங்கிக் கல்லீரல் கெடும் நோய் வருவது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். மனிதனுக்கு அப்படியே வரும் என்று சொல்லவில்லை. "முள்ளுச்செடிதானே, என்ன செய்துவிடும்" என்ற அலட்சியத்துக்கு மட்டும் இது பதில்.

டயோஸ்ஜெனின் காட்டுக் கிழங்கிலும் வெந்தயத்திலும் இருக்கிறது. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து இதை எடுத்துப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் காட்டினார். கருத்தடை மாத்திரைத் தொழிலே அதன்மேல் எழுந்தது. விற்பனையாளர்கள் இந்தச் சரித்திரத்தைச் சொல்லி, "உடலும் இதை ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும்" என்று முடிப்பார்கள். மாற்றாது. மார்க்கர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்து நடத்திய வேதிவினைகளைச் செய்யும் நொதிகள் மனித உடலில் இல்லை. வெந்தயச் சாற்று மாத்திரையில் சில சிறு ஆய்வுகள் லேசான பலம் கூடுவதாகச் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் மட்டும் கவனிக்க வேண்டும்: வெந்தயம் சர்க்கரையை மேலும் இறக்கும்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா. இதிலுள்ள விதனோலைடுகளும் ஸ்டீராய்டு சட்டகம் கொண்டவையே. 2015-இல் இந்தியாவில் நடந்த ஆய்வில் 57 ஆண்களில் ஒரு பாதியினர் தினம் இருவேளை 300 மி.கி. வேர்ச் சாறு எடுத்து 8 வாரம் பயிற்சி செய்தார்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் அவர்கள் 46 கிலோவும், போலி மாத்திரைக்காரர்கள் 26 கிலோவும் கூட்டினார்கள். எண்கள் பிரமாதம். ஆனால் 8 வாரத்தில் 46 கிலோ கூடியது என்றாலே அவர்கள் அதுவரை எடை தூக்கிப் பழகாதவர்கள் என்று புரிந்துகொள்ளலாம். பயிற்சி முதிர்ந்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இந்தப் பட்டியலிலேயே கல்லீரல் பாதிப்பு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதும் இதுதான். ஐஸ்லாந்திலிருந்தும், 2023-இல் கேரள மருத்துவர்களிடமிருந்தும் மஞ்சள்காமாலை வந்த நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் வந்தன. முன்பே கல்லீரல் நோய் இருந்தவர்களில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதே ஆண்டு டென்மார்க் இதைத் தடை செய்தது. தைராய்டு ஹார்மோனையும் இது உயர்த்தக்கூடும். இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-இலேயே இலையைத் தவிர்த்து வேரை மட்டும் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. எனவே லேபிளில் "வேர்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பிராசினோஸ்டீராய்டுகளை ஜிம்மில் பார்ப்பதற்கு முன் உரக்கடையில் பார்த்திருப்பீர்கள். ஹோமோபிராசினோலைடு என்ற பெயரில் திராட்சைக்கும் பருத்திக்கும் தெளிக்கும் வளர்ச்சி ஊக்கி இதுதான். 1979-இல் அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள் தேனீக்கள் சேர்த்த 227 கிலோ கடுகுவகைப் பூந்தூளிலிருந்து 4 மி.கி. பிராசினோலைடைப் பிரித்தார்கள். 2011-இல் எலிகளுக்குத் தினம் ஒரு கிலோ எடைக்கு 60 மி.கி. கொடுத்ததில் தசை கூடியது. எலிக்குக் கொடுத்த அளவை மனிதனுக்குக் கணக்கிட்டாலும் கடையில் விற்கும் மாத்திரை கால் தூசிக்கு வராது. இதே வரிசையில் விற்கும் "5-ஆல்ஃபா-ஹைட்ராக்ஸி-லாக்சோஜெனின்" இயற்கைப் பொருளே அல்ல, ஆய்வுக்கூடத் தயாரிப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இது துணையுணவு என்ற வரையறைக்குள் வராது என்று சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

கடைசியாக, பலன் உறுதியான அந்த ஒன்று: ஃபைட்டோஸ்டிரால். எண்ணெய் வித்துகளிலும் கொட்டைகளிலும் இருக்கும் சிட்டோஸ்டிரால், காம்பஸ்டிரால் முதலியவை. குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. தினம் சுமார் 2 கிராம் எடுத்தால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் எட்டு முதல் பத்து சதவீதம் குறையும். ஃபின்லாந்தில் 1995-இலேயே இதைச் சேர்த்த மார்ஜரின் கடைக்கு வந்துவிட்டது. 1995-இல் ஜெர்மனியில் 200 ஆண்களிடம் நடந்த சோதனையில், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சிரமப்படுபவர்களுக்குப் பீட்டா-சிட்டோஸ்டிரால் ஆறுதல் தந்தது. தசை என்ற பேச்சே இதில் இல்லை. ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் கொழுப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு "தாவர ஸ்டீராய்டில் எதையாவது எடுக்கலாமா" என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன், அதுவும் மருத்துவரிடம் பேசிவிட்டு. இதிலும் ஒரு விலக்கு: சிட்டோஸ்டிராலீமியா என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

இரண்டாம் படி: நீங்கள் எடுக்கலாமா?

18 வயதுக்குக் கீழே இருப்பவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர், மார்பகம் அல்லது கருப்பை தொடர்பான ஹார்மோன் சார்ந்த நோய் இருந்தவர், தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மருந்து எடுப்பவர் – இவர்கள் இந்த வழிகாட்டியை இத்துடன் மூடிவிடலாம்.

மூன்றாம் படி: முதலில் அடித்தளம்

மாத்திரை கூட்டக்கூடியது இருந்தாலும் அது சிறிய பங்கு. பெரிய பங்கு பயிற்சி, புரதம், தூக்கம். 2018-இல் 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், எடைப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வரை பலன் கூடுகிறது, அதற்குமேல் பெரிதாக ஏறவில்லை என்று தெரிந்தது. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 104 கிராம். நம் வழக்கமான சாப்பாட்டில் இது தானாக வராது. காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று ஓடினால் பாதியைத் தொடுவதே அரிது. ஒரு முட்டைக்கு 6 கிராம், அரை லிட்டர் பாலுக்குச் சுமார் 16 கிராம், சமைக்காத கடலைப்பருப்பு அல்லது கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 20 கிராம், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராமுக்கு 22 கிராம் அளவில் வரும் என்று வைத்துக்கொண்டு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இந்தக் கணக்கு நிறையாதவரை டப்பாவுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

துணையுணவுதான் வேண்டுமென்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம். அது ஸ்டீராய்டு அல்ல, விலை குறைவு, ஆய்வுகள் நூற்றுக்கணக்கில். அதை ஒதுக்கிவிட்டு டர்கெஸ்டெரோனுக்குப் பாய்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வரும்.

நான்காம் படி: ரத்தப் பரிசோதனை, சரியான நாளில்

தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, சர்க்கரை, தைராய்டு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பாருங்கள். இதில் பலர் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. கால் பயிற்சி கடுமையாகச் செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் ஏறியிருக்கும்; அவை கல்லீரலில் மட்டுமின்றித் தசையிலும் இருக்கின்றன, பயிற்சியில் தசை இழை சிதையும்போது ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் கெட்டுவிட்டது என்று அலறி ஓடுவார்கள். ஒரு வாரம் எடை தூக்காமல் ஓய்வெடுத்துவிட்டுக் கொடுங்கள். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது தசையால் ஏறாது. முதல் இரண்டும் ஏறி ஜி.ஜி.டி. சரியாக இருந்தால் பெரும்பாலும் பயிற்சிதான் காரணம். இருந்தாலும் முடிவை மருத்துவர் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: லேபிளைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "500 மி.கி." என்று இருக்கும். அது சாற்றின் எடை. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் சதவீதம் இருக்கும். "அஜுகா சாறு 500 மி.கி., டர்கெஸ்டெரோன் 10 சதவீதம்" என்றால் உள்ளே இருப்பது 50 மி.கி. சதவீதமே போடாமல் "தனிக் கலவை" என்று மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள். அதிலும் ஐந்தாறு மூலிகைகளை ஒரே எடையில் அடக்கியிருந்தால் எது எவ்வளவு என்று கடவுளுக்கே வெளிச்சம்.

அடுத்து, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். அதை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் உரிமம் என்று தெரியும். உரிமம் இருப்பது தரத்துக்கு உத்தரவாதமல்ல. இல்லாதது நிராகரிக்கப் போதுமான காரணம். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும். 2024-இல் கேரள மருத்துவர் குழு ஒன்று இந்தியச் சந்தையிலிருந்த 36 புரதப் பொடிகளைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன புரதமும் உள்ளே இருந்ததும் ஒத்துவரவில்லை. புரதத்தை அளப்பது எளிது. அதிலேயே இந்த லட்சணம் என்றால், மில்லிகிராமில் அளக்க வேண்டிய தாவர ஸ்டீராய்டில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

விற்பனையாளரிடம் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேளுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்: சான்றிதழிலுள்ள தொகுதி (பேட்ச்) எண்ணும் டப்பாவில் அச்சிட்ட தொகுதி எண்ணும் ஒன்றா, சோதித்தது தயாரிப்பாளரா, வெளி ஆய்வகமா, எந்த முறையில் அளந்தார்கள். புற ஊதா ஒளியில் மொத்தமாக அளந்த எண், அதே ஒளியை ஈர்க்கும் வேறு பொருள்களையும் சேர்த்துக் காட்டும். எச்.பி.எல்.சி. எனப்படும் முறையில் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்திருந்தால் நம்பலாம். சான்றிதழே கிடையாது, "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்ற பதில் வந்தால் நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: லேபிளில் இல்லாதது உள்ளே இருப்பது. கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளைப் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவில், 14.8 சதவீதத்தில் லேபிளில் சொல்லாத ஆண் ஹார்மோன் வகைப் பொருள்கள் கலந்திருந்தன. "செடி மாத்திரை சாப்பிட்டேன், மூன்று வாரத்தில் உடம்பு முறுக்கிக்கொண்டது" என்று ஒருவர் சொன்னால் பாராட்டுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், எழுதிக்கொண்டே

இவ்வளவுக்குப் பிறகும் முயல்வதானால் எக்டிஸ்டெரோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 8 முதல் 10 வாரம். ஆய்வுகளில் வந்த அளவுகளைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. வெளி ஆய்வகச் சான்று உள்ள பொருளில் தினம் 200 மி.கி. எக்டிஸ்டெரோனே நியாயமான மேல் எல்லை. உடலில் உறிஞ்சப்படுவது குறைவு, சில மணி நேரத்தில் வெளியேறியும் விடுகிறது. அதனால் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து எடுப்பது வழக்கம்.

மாத்திரை தொடங்கும் அதே வாரத்தில் புதிய பயிற்சித் திட்டம், புதிய மாஸ்டர், புதிய உணவு எதையும் தொடங்காதீர்கள். தொடங்கினால் எது வேலை செய்தது என்று ஒருக்காலும் தெரியாது. முந்தைய நான்கு வாரம் எப்படியோ அப்படியே தொடருங்கள். எடையைத் தினமும் காலையில் கழிப்பறை சென்றுவந்த பின் பாருங்கள், வாரச் சராசரியை எழுதுங்கள். ஒரு நாள் எடை உப்பையும் நீரையும் பொறுத்து ஒரு கிலோ முன்பின் ஆடும். இடுப்பு, தொடை, மேல்கை சுற்றளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மூன்று பயிற்சிகளில் எத்தனை கிலோ, எத்தனை தடவை என்ற குறிப்பு.

நோட்டுப் புத்தகம் எதற்கு என்றால், மனம் ஏமாற்றும். 1972-இல் ஏரியல், சாவில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பளுதூக்குபவர்களிடம் "இது ஸ்டீராய்டு" என்று சொல்லி வெறும் போலி மாத்திரையைக் கொடுத்தார்கள். அதை விழுங்கிய வாரங்களில் அவர்கள் தூக்கிய எடை முன்னைவிட வேகமாக ஏறியது. நம்பிக்கையால் வந்த பலம் நல்லதுதான். அதற்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா என்பதே கேள்வி. முடிந்தால் வீட்டில் ஒருவரிடம் மாத்திரைகளைக் கொடுத்து, நான்கு வாரம் அதையும் நான்கு வாரம் அதேபோன்ற வெற்று உறையில் அரிசி மாவையும் நீங்கள் அறியாமல் வரிசை மாற்றித் தரச் சொல்லுங்கள். கேலி செய்வார்கள், பரவாயில்லை.

ஏழாம் படி: எப்போது நிறுத்துவது

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், தோல் அரித்தால், வலது விலாவின் கீழ் வலித்தால், காரணமில்லாமல் குமட்டல் நீடித்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். டப்பாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ புரோட்டீன் சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னால் அவரால் கண்டுபிடிக்க முடியாது. முகத்திலும் முதுகிலும் திடீர்ப் பருக்கள், மார்புக்காம்பின் அடியில் நோகும் கட்டி, விந்தகம் சுருங்குதல், பெண்களுக்கு மாதவிடாய் தவறுதல் அல்லது குரல் தடித்தல் ஆகியவை எக்டிஸ்டெரோன் செய்யும் வேலையல்ல; உள்ளே உண்மையான ஹார்மோன் கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அந்த டப்பாவை நண்பருக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் நான்காவது வாரத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். பத்து வாரம் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். முந்தைய பத்து வாரத்தில் ஏறிய அளவுக்கும் இப்போது ஏறியதற்கும் தெளிவான வேறுபாடு இல்லையென்றால் மறு டப்பா வாங்க வேண்டாம்.

போட்டிகளில் பங்கேற்பவர்களுக்கு

மாவட்ட அளவிலோ அதற்கு மேலோ விளையாடுபவர், போலீஸ் அல்லது ராணுவ அணியில் இருப்பவர் தனியாகக் கவனிக்க வேண்டும். எக்டிஸ்டெரோன் 2020 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. கண்காணிப்பு என்பது தடை அல்ல. எவ்வளவு பேர் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதிய பட்டியல் நடைமுறைக்கு வருகிறது, அன்று நிலை மாறலாம். தடை செய்த ஹார்மோன் உங்கள் சிறுநீரில் அகப்பட்டால், "செடி மாத்திரையில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்பது உங்களைக் காப்பாற்றாது. உடலுக்குள் சென்றதற்குப் பொறுப்பு வீரரே என்பது விதி. தண்டனைக் காலம் கொஞ்சம் குறையலாம், பதக்கம் போனது போனதுதான். அப்படியும் வாங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் திறக்காத டப்பா ஒன்றையும் ரசீதையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். விசாரணை வந்தால் உள்ளே என்ன இருந்தது என்று ஆய்வகத்தில் காட்ட உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சாட்சி அந்த மூடிய டப்பாதான்.